வங்கியில் ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் ரேகை வைத்துவிடாதீர்கள்

பார்வையற்ற நண்பர்களுக்கும், அவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்கும் இது. கணக்குத் தொடங்கப் போகும்போது "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதை முழுசாக வாசித்துக் கேட்காமல் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பிறவியிலேயே பார்வை கிடையாது. இடமாறுதலில் வந்த ஊரில், வீட்டுக்குப் பக்கத்து வங்கியில் கணக்கு, செக் புக், லாக்கர் மூன்றும் வேண்டியிருந்தது. செல்போனிலேயே முடித்துவிடலாம் என்றால், வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது செயலி. வட்டம் எங்கே இருக்கிறது என்று, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் சொன்னால்தானே!

சரி என்று தம்பியோடு நேரில் போனேன். அதிகாரி என் பக்கமே திரும்பவில்லை போல. "தம்பி, அக்காவுக்குக் கையெழுத்துப் போட வருமா?" என்றார். "வரும் சார், என்னிடமே கேளுங்கள்" என்றேன். அடுத்த கேள்வியும் தம்பிக்குத்தான். பார்வையுள்ள ஒருவரோடு ஜாயின்ட் அக்கவுன்டாக இருந்தால் பரவாயில்லை, தனியாக வேண்டுமென்றால் இந்தப் பத்திரத்தில் ரேகை வைக்கட்டும் என்றார். தம்பி என் காதோரம் வாசித்தான்: செக் புக், ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் எதுவும் கேட்க மாட்டேன், பணம் போனால் வங்கி பொறுப்பல்ல, இதற்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். பெயருக்கு மட்டும் இடம் விட்டு மற்றதெல்லாம் அச்சடித்தே வைத்திருந்தார்களாம். எனக்கு முன்னால் எத்தனை பேர் ரேகை வைத்தார்களோ.

"உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்" என்றார் கடைசியில். அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

இந்தப் பாதுகாப்புப் பேச்சுக்கு ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4-ஆம் தேதியே பதில் சொல்லிவிட்டது. செக் புக், ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் பார்வையற்றோருக்குப் பாகுபாடு இல்லாமல் தர வேண்டும் என்பது அந்தச் சுற்றறிக்கை. பணத்துக்கு ஆபத்து என்று சொல்லி மறுக்கவும் முடியாது. அந்த ஆபத்து மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உண்டு என்று அதிலேயே இருக்கிறது. போனில் எடுத்துக் காட்டினோம். "எங்களுக்கு அப்படி எதுவும் வரலை" என்றார். கண் சிமிட்டும் கதைக்கும் 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது: டிஜிட்டல் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தை இணையவழியில் சரிபார்ப்பது, மாற்றுத்திறனாளிகளும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 20 உத்தரவுகள்.

"அப்படியானால் முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். அதுவரை கறாராக இருந்த குரல் அதற்கப்புறம் கொஞ்சம் இறங்கியது. எழுதியும் தரவில்லை. அதனால் நடந்ததை, யார் என்ன சொன்னார் என்பது உட்பட, அன்றைக்கே வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அந்தப் பத்திரத்தைத் தம்பி படம் எடுத்திருந்தான், அதையும் இணைத்தேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

என் பெயரிலேயே கணக்கு வந்தது, செக் புக்கும் வந்தது. மறுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 13 நம் பணத்தை நாமே நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பிரிவு 3-இல் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்: நியாயமான ஒரு நோக்கத்துக்காக, தேவையான அளவில்தான் செய்தோம் என்று காட்டிவிட்டால் அது பாகுபாடு ஆகாது. "உங்க பாதுகாப்புக்குத்தான்" நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான். டெல்லியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் புகார் செய்தாலும் அவர் பரிந்துரைதான் செய்வார். ஏற்கவில்லை என்றால் வங்கி மூன்று மாதத்துக்குள் காரணம் சொன்னால் போதும். சட்டத்தை மீறினால் அபராதம் உண்டு, முதல் தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஒரு வங்கிக்கு அது எந்த மூலைக்கு? ஆணையருக்கு உத்தரவு போடும் அதிகாரமும், மறுத்த அதிகாரி பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் சட்டத்திலேயே வர வேண்டும்.

லாக்கர் மட்டும் இன்னும் "காலி இல்லை". காத்திருப்போர் பட்டியலில் என் எண் என்ன என்று கேட்டிருக்கிறேன், எழுத்தில்.