மூணு மாசமாக என் பிரஷர் மெஷின்

மருந்துக்கடையில் 1,850 ரூபாய்க்கு வாங்கின டிஜிட்டல் மெஷின். முதல் வாரமே திருப்பிக் கொடுத்துவிடலாமென்று இருந்தேன். மாடிக்குத் தண்ணீர்க்குடம் தூக்கிப்போய் வந்ததும் பார்த்தால் 158/94, மத்தியானம் தூங்கி எழுந்தால் 126/80. வீட்டுக்கடன் விஷயமாக மகனிடம் போனில் கத்திக்கொண்டே பார்த்தது 164! (அவனிடம் சொல்லவில்லை.)

மெஷின்மேல் தப்பில்லை. காபி குடித்து அரை மணி கழித்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து 5 நிமிஷம் வாயை மூடி உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் வைத்தால் 130ஐ ஒட்டியே நிற்கிறது.

குறை, மெஷினோடு வரும், கையில் சுற்றுகிற பட்டை. என் பருத்த கைக்குச் சின்னது, அதனாலேயே கூடுதலாகக் காட்டியது. பெரிய பட்டைக்குத் தனியாக 600 ரூபாய் அழுதேன். திரையில் விளக்கும் கிடையாது.