வெடிச்ச பூட்ஸை 'மேஜிக்' கிரீம்கிட்ட ஒப்படைச்ச கதை

தோல் பூட்ஸ் வெடிச்சுப்போய் ரிப்பேர் கிட் தேடிக்கிட்டு இருக்கீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

என்னோடது ரெண்டு வருஷமா அலமாரி அடியில கிடந்தது. எடுத்துப் பார்த்தா, விரல் மடங்குற இடத்துல குறுக்கே நாலஞ்சு வெடிப்பு. ஒண்ணுல நகமே உள்ளே இறங்குது. ஆன்லைன்ல ஒரு கிட் கண்ணுல பட்டுச்சு. "வெடிப்பு மாயமாகும், தோல் மறுபடி உயிர் பெறும்"னு விளம்பரம். உயிர் பெறுமாம்! அப்பவே உஷாராகியிருக்கணும்.

வந்தது ஒரு டப்பா கிரீம், ஒரு ட்யூப் பசை, ஒரு ஸ்பாஞ்ச். டப்பா மேல தேன்மெழுகுன்னு போட்டிருக்கு, திறந்தா சுவர் பெயின்ட் வாடை. வெடிப்புல பசையை நிரப்பி, ஹேர் டிரையரால நல்லா சூடு காட்டி, மேல கிரீமைப் பூசணும்னு ஒரு சீட்டு. அப்படியே செஞ்சேன். சாயங்காலம் பார்த்தா புதுசு மாதிரி மின்னுச்சு. வீட்டுல எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமை வேற.

போட்டு நடந்த மூணாவது நாள், நடந்த இடமெல்லாம் கறுப்புச் செதில். மடிப்புல சுண்ணாம்புச் சுவர் மாதிரி பொரிஞ்சு உதிருது. சூடு காட்டின இடம் அட்டை மாதிரி விறைச்சு, பக்கத்துலயே புதுசா ரெண்டு வெடிப்பு.

வித்தவங்ககிட்ட கேட்டா, "நீங்க சரியா காயவிடல"ன்னு பதில். டப்பாவைத் திறந்துட்டா ரிட்டர்ன் கிடையாதாம். திறக்காம எப்படிங்க பூசுறது?

வயிற்றெரிச்சல்ல விளம்பரத்தைத் திரும்பப் பார்த்தேன். 'முன்பு' படத்துல லேஸ் ஓட்டை ஆறு, 'பின்பு' படத்துல ஏழு. பூட்ஸே வேற! வீடியோவுலயும் குதிகால் பக்கம்தான் பூசுறாங்க. அது மடங்கவே மடங்காதே.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. தோல்ங்கிறது கொலாஜன்ங்கிற புரத நார்களோட பின்னல். பதனிடும்போது ஏத்துற எண்ணெய் நாளாக ஆகக் குறைஞ்சு நார் வறண்டுடும், மடங்குற இடத்துல அறுந்துடும். அறுந்ததை எந்தக் கிரீமும் சேர்க்காது. தோலுக்குப் பூசுற எண்ணெய்ப்பசைக் கண்டிஷனர் வறட்சியைப் போக்கும், அவ்வளவுதான். நல்ல ஃபில்லரைக்கூட, அதாவது வெடிப்பை அடைக்கிற பசையைக்கூட, மெல்லிசா பல தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காய்ஞ்சப்புறம் உப்புத்தாளால இழைக்கணும். அதுவும் அதிகமா மடங்காத இடத்துலதான் தங்கும். சூடு காட்டினா தோல் சுருங்கி இன்னும் விறைக்கும்.

கண்டிஷனர் வாங்குறதா இருந்தாலும், முதல்ல பூட்ஸ் மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. ஊறி அந்த இடம் கறுத்தா கண்டிஷனரும் உள்ளே போகும். முத்து மாதிரி உருண்டு நின்னா மேல மெழுகோ பிளாஸ்டிக் பூச்சோ இருக்கு, பெருசா எதுவும் இறங்காது.

நான் உதிர்ந்தது போக மிச்சத்தைச் சுரண்டி, ஈரத்துணியால துடைச்சு, நியூஸ்பேப்பர் அடைச்சு நிழல்ல காயவச்சேன். கண்டிஷனர் ரெண்டு தடவை, ரொம்ப மெல்லிசா. தோல் கொஞ்சம் இளகியிருக்கு. வெடிப்பெல்லாம் அப்படியேதான் இருக்கு, கூடுதலா வாங்கின அந்த ரெண்டும் சேர்த்து. நகம் இறங்கின இடத்துக்கு மட்டும் செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்து உள்பக்கமா ஒரு ஒட்டு போட்டிருக்கேன். மழை இல்லாத நாள்ல போட்டுக்கிறேன்.