ஈசூன் ஆங்கில உச்சரிப்பு வகுப்பு: சேர்க்கலாம், வீட்டுப்பாடச் செயலியை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்

உயர்நிலை 3 படிக்கும் மகளை சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் ஆங்கில வாய்மொழி வகுப்பில் சேர்த்திருக்கிறோம். மாதம் 180 வெள்ளி. நம்மவர்கள் பலர் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, டீச்சர் எல்லாவற்றையும் தப்பு என்று சொல்வதில்லை. கேட்பவருக்கு வேறு சொல்லாகக் கேட்டால் மட்டும்தான் நிறுத்துகிறார், நம் பேச்சின் சாயலில் கை வைப்பதில்லை. ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் மற்ற பிள்ளைகளுக்குக் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் 'ப'வோடு ஒரு காற்று வெடித்து வரவேண்டும், தமிழ் 'ப'வில் அது கிடையாது. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடிக்கச் சொல்லி, அது ஆடும்வரை சொல்ல வைத்தார். சட்டென்று புரிந்துவிட்டது அவனுக்கு. அப்புறம் மேற்குத் திசையும் கையில்லாத உள்சட்டையும்; தமிழில் எழுதினால் இரண்டும் 'வெஸ்ட்' தான். திசைக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், சட்டைக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளின் சிக்கல் வேறு. மூன்றை 'ட்ரீ' என்பார்கள், 'லாஸ்ட்' என்பது 'லாஸ்' ஆகிவிடும். இதில் பெரிய ஆபத்து இறந்தகாலச் சொற்களில்தான்: 'வாக்ட்' என்பதன் கடைசி ஒலி விழுந்துவிட்டால், பிள்ளைக்கு இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தாலும் தெரியாத மாதிரியே கேட்கும். என் மகளுக்கும் இதே பழக்கம்தான், இப்போது நிறையத் தெளிந்திருக்கிறது. 'ஷிப்', 'ஷீப்' வேறுபாடு பல பிள்ளைகளுக்குத் தகராறு, ஆனால் குறில் நெடில் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அதில் பாதி வேலை முடிந்த மாதிரி. இதை வகுப்பில் எல்லார் முன்னாலும் டீச்சர் சொன்னார் என்று மகள் வந்து சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறைக்கு வருகிறேன். 2023 முதல் ஓ லெவல் (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கில வாய்மொழித் தேர்வில் வாசித்துக் காட்டும் பகுதியே இல்லை. காணொளியைப் பார்த்துத் தயாரித்துப் பேசுவதற்கு 15 மதிப்பெண், தேர்வாளரோடு உரையாடுவதற்கு 15. மொத்தப் பாடத்தில் இது 20 விழுக்காடு, சின்ன விஷயம் இல்லை. அப்படியிருக்க இங்கே இன்னும் முதல் அரை மணி நேரம் பத்தி வாசிப்பிலேயே போகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளைச் சொந்தமாகப் பேச வைக்கலாமே!

வீட்டுப்பாடத்துக்கு அவர்கள் தரும் ஆப் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அமெரிக்க உச்சரிப்பை மட்டுமே சரி என்று வைத்துக்கொண்டு, பள்ளியில் பிரிட்டிஷ் பாணியில் சொல்லித்தரும் 'கிளாஸ்', 'ஆஸ்க்' போன்றவற்றுக்குக்கூடச் சிவப்புக் கோடு போடுகிறது. கூச்சப்படும் பிள்ளை அதைப் பார்த்தால் அடுத்த முறை வாயையே திறக்காது. டீச்சரிடம் சொன்னேன், விருப்பமிருந்தால் செய்யட்டும் என்று உடனே மாற்றிவிட்டார். நீங்களும் கேளுங்கள், மறுக்க மாட்டார்.

சேர்ப்பதானால் சனிக்கிழமைக் காலை வகுப்பு வேண்டாம், கூட்டம் அதிகம். வாரநாள் மாலை வகுப்பில் ஆறேழு பேர்தான், ஒவ்வொருவரும் பேசியே ஆகவேண்டும்.