வாய்க்கால் மட்டம் எடுக்க வாடகை ஓட்டோ லெவல்: மாணவர் குழுக்களுக்குச் சரிவருமா?

கிளிநொச்சியில் அளவைக் கருவிகளை நாள் வாடகைக்குத் தரும் கடையொன்றின் தொகுதியைப் பற்றியது இந்த மதிப்பீடு. 24 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஓட்டோ லெவல் (பார்வைக்கோட்டைத் தானாகக் கிடைமட்டமாக்கிக்கொள்ளும் மட்டக்கருவி), அலுமினிய முக்காலி, அளவுகள் குறித்த, இழுத்து நீட்டும் 5 மீற்றர் மட்டக்கோல் ஆகியவற்றைத் தருகிறார்கள். செயற்றிட்டம் செய்யும் குடிசார் பொறியியல் மாணவர்கள் எடுக்கலாம். ஆனால் பரீட்சித்துப் பார்க்காமல் வாய்க்காலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

வன்னியில் மாணவருக்குக் கொடுக்கக்கூடிய நல்ல செயற்றிட்டம் ஒன்று இருக்கிறது: வாய்க்காலின் கடைசி வயலுக்கு ஏன் தண்ணி போய்ச் சேருவதில்லை என்று கண்டுபிடிப்பது. அதற்கு 20 மீற்றருக்கு ஒரு தடவை வாய்க்கால் அடியின் உயரத்தை (அடிமட்டம்) எடுத்து, அது நீளத்துக்கு எப்படி இறங்குகிறது என்று காட்டும் நெடுக்குவெட்டுமுகம் வரைய வேண்டும். நிலமோ தட்டை. வாய்க்காலின் சரிவு 1:2000 என்றால் 60 மீற்றருக்கு இறக்கம் வெறும் 30 மில்லிமீற்றர். கருவியின் சிறு பிழைகூட இங்கே விடையையே மாற்றிவிடும்.

அதனால் முதல் வேலை, பார்வைக்கோடு கிடைமட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் இரு முளைப் பரீட்சை. 60 மீற்றர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, கருவியைச் சரி நடுவில் வைத்து இரண்டையும் வாசியுங்கள். 1.425, 1.210 மீற்றர் என்று வந்தால் உண்மையான வித்தியாசம் 0.215; இரண்டும் சம தூரம் என்பதால் கருவியின் பிழை கழிந்துவிடும். பிறகு கருவியை முதல் முளைக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளிப்பக்கமாக 2 மீற்றர் தள்ளி வையுங்கள். கிட்ட 1.530 என்றால் தூரத்தில் 1.315 வரவேண்டும். நாங்கள் பார்த்த கருவியில் 1.309 வந்தது. பார்வைக்கோடு 60 மீற்றருக்கு 6 மில்லிமீற்றர் கீழே சாய்கிறது. முதல் முளைப் பக்கமிருந்து வாய்க்கால் இறங்கினால், 30 மில்லிமீற்றர் இறக்கம் 24 ஆகத்தான் தெரியும். சரிவு போதாது என்று மாணவர்கள் முடிவெழுதிவிடுவார்கள்; வாய்க்காலில் குறையே இருக்காது.

கருவியை ஓரிடத்தில் வைத்ததும் எடுக்கும் முதல் வாசிப்பு பின்நோக்கு, அங்கிருந்து எடுக்கும் கடைசி வாசிப்பு முன்நோக்கு, நடுவில் எடுப்பவை இடைநோக்கு. பின்நோக்கும் முன்நோக்கும் சம தூரமாக இருந்தால் இந்தப் பிழை தானாகக் கழியும். இடைநோக்கில் கழியாது. பின்நோக்கு 10 மீற்றரிலும் இடைநோக்கு 50 மீற்றரிலும் என்றால் 4 மில்லிமீற்றர் பிழை அப்படியே நிற்கும். இதைப் பாடப்புத்தகத்தில் வாசிப்பதற்கும், தங்கள் சொந்த வரைபடத்தில் ஒரு புள்ளி துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் காரணம் தேடுவதற்கும் நிறைய வித்தியாசம். செயற்றிட்டத்தின் முழுப் பயனும் அந்தத் தேடலில்தான். பார்வைக்கோட்டைச் சரிசெய்யும் குறுக்குமயிர்த் திருகாணியை மாணவர்கள் தொடக்கூடாது. கடைக்காரரிடம் சொன்னால் மாற்றுக் கருவி தருகிறார்கள், அது பாராட்டத்தக்கது. கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற துண்டைப் பெட்டிக்குள் வைக்காதது பெரிய குறை.

மட்டக்கோல்தான் தொகுதியின் பலவீனம். இணைப்புகள் தேய்ந்திருக்கின்றன. பொத்தான் ‘டிக்’ என்று விழாவிட்டால் மேல் பகுதி கீழே இறங்கிவிடும், அதற்கு மேலான வாசிப்பெல்லாம் பிழை. உருக்கு நாடாவை இணைப்புக்குக் குறுக்கே பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் அளந்து பாருங்கள். வண்டலில் கோலின் அடி புதையும். கையளவு இரும்புத் தகட்டை அடியில் வைத்து, அதன் தடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டல் மட்டமும் கடினமான அடிமட்டமும் வேறுவேறு, இரண்டையும் எடுத்தால்தான் அடைப்பு எங்கே என்று தெரியும்.

முக்காலி பரவாயில்லை. கால் திருகாணிகளை மட்டும் இறுக்கிக்கொள்ளுங்கள்.

வேலையைக் காலையிலேயே தொடங்குங்கள். வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்று அலையடிக்கும், கோலின் கீழ் அரை மீற்றரை நம்ப முடியாது. பார்வைத் தூரமும் 50 மீற்றருக்குள் இருக்கட்டும். நான்கு பேர் போதும்: பார்ப்பவர், எழுதுபவர், கோல் பிடிப்பவர், நாடா பிடிப்பவர். ஒவ்வொரு திருப்பப் புள்ளியிலும் (கருவியை இடம் மாற்றும்போது கோல் நிற்கும் புள்ளி) ஆள் மாறினால் எல்லோரும் எல்லாம் பழகலாம். பதிவை ஏற்ற இறக்க முறையில், அதாவது ஒவ்வொரு வாசிப்பையும் முந்தியதோடு கழித்து ஏற்றமா இறக்கமா என்று எழுதி வையுங்கள், இடைநோக்குகளின் கணக்குப் பிழையும் அதில் அகப்படும். தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து மூடுங்கள். சுற்றின் நீளத்தைக் கிலோமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கினால் அனுமதிக்கக்கூடிய பிழை மில்லிமீற்றரில் வரும், 1.6 கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15. அதைத் தாண்டினால் திரும்ப எடுக்க வேண்டியதுதான், எண்களைப் பங்கிட்டுச் சரிக்கட்ட விடாதீர்கள்.

சிறுபோகத்துக்குத் தண்ணி திறப்பதற்கு முன் கமக்காரர் அமைப்பிடம் கேட்டு நாள் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு கடையில் பதியுங்கள். ஒரு நாளுக்கு எடுக்காமல் இரண்டு நாளாக எடுங்கள். முதல் நாள் முற்பகல் பரீட்சைக்கே போய்விடும்.