மட்கார்டு விளிம்பை மடித்து மூன்றரை ஆண்டுகள்: ஏற்காட்டு மலைப்பாதையில் கண்டவை

சேலம் அஸ்தம்பட்டியில் வீடு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கணக்கு வழக்கைப் பார்க்கும் வேலை. வாரம் ஒருமுறை மலையேறி இறங்குவது பல ஆண்டுப் பழக்கம். என்னுடைய 2014-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் டீசல் காருக்கு அகலமான டயர்களைப் போட்டு, அவற்றுக்கு இடம் கிடைப்பதற்காக மட்கார்டின் உள்விளிம்பை உருளையால் அழுத்தி மடித்தது 2022 ஜனவரியில். அதன்பின் வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏற்காட்டுப் பயணம். இந்த வேலையைச் செய்த வாரத்திலேயே மகிழ்ந்து எழுதுபவர்கள் நிறைய உண்டு. மூன்று மழைக்காலங்களைப் பார்த்த பிறகு அந்த மடிப்பு என்ன ஆகிறது என்று சொல்பவர்கள் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டியோடு வந்தது 185/65 ஆர்15 டயர் (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்). நான் போட்டது 205/60 ஆர்15. விட்டக் கணக்கில் 621.5 மில்லிமீட்டர் 627 ஆகிறது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான மாற்றம் என்பதால் ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கல் அகலத்தில்தான் வந்தது. டயர் 20 மில்லிமீட்டர் அகலமானதால் பக்கத்துக்குப் பத்து. நான் வாங்கிய அலாய் சக்கரத்தின் ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பூட்டப்படும் முகத்துக்கும் உள்ள தூரம், பழையதைவிட 5 மில்லிமீட்டர் குறைவு. அதனால் சக்கரம் மேலும் ஐந்து வெளியே வந்தது. ஆக, டயரின் வெளிப்பக்கச் சுவர் முன்பு இருந்த இடத்திலிருந்து 15 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. கடையில் இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

தனியாக ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலையேறிய முதல் நாளில், அடிவாரம் தாண்டிய சில வளைவுகளிலேயே பின்பக்கத்திலிருந்து தகரத்தில் ரப்பர் தேய்வது போன்ற ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்கிறது. கொண்டை ஊசி வளைவில் அது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் குவிகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் முழுவதுமாக மேலே ஏறி விளிம்பைத் தொட்டுவிடுகிறது. மேலே போய் நிறுத்திப் பார்த்தால், வலது பின் டயரின் தோளில், அதாவது தரையில் படும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு சுற்றிலும் ஓடியிருந்தது. விரலை வைத்தால் நகம் இறங்கும் ஆழம். இருபது வளைவுகளில் இவ்வளவு என்றால் ஒரு மாதத்தில் டயர் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

அலைன்மென்ட்டில் சரிசெய்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். இந்த வண்டியின் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பு, அதாவது இரு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. அதில் சக்கரத்தின் சாய்வை மாற்றத் திருகு எதுவும் கிடையாது. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் வட்டத் தகடான ஸ்பேசரைப் போட்டால் சக்கரம் இன்னும் வெளியே வரும். பழைய அளவுக்கே திரும்பிவிடுவது ஒரு வழி, பெரும்பாலானவர்களுக்கு அதுவே நல்ல வழி என்று இப்போதும் சொல்வேன். நான் விளிம்பை மடிக்கத் தீர்மானித்தேன்.

மடிப்பதற்கு முன்பு நான் செய்த ஒரு காரியம் பிறகு மிகவும் பயன்பட்டது. குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைக் கட்டை விரல் பருமனுக்கு உருட்டி, பின் வளைவின் உட்புறம் நான்கு இடங்களில் அழுத்தி ஒட்டிவிட்டு, முழுப் பாரத்தோடு ஒருமுறை மலை ஏறி இறங்கினேன். வளைவின் உச்சியிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் ஒட்டியிருந்த களிமண் வழித்தெடுத்ததுபோலக் காணாமல் போயிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. எந்த இடத்தில் மடிக்க வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வேலையைச் செய்தவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் மூத்தவர். சக்கரத்தைக் கழற்றி, அது பூட்டப்படும் ஹப்பில் கருவியை போல்ட் போட்டுப் பிணைத்து, அதன் கையில் இருக்கும் உருளையை விளிம்புக்கு எதிராக வைத்து முன்னும் பின்னும் ஓட்டுவதுதான் முறை. ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கிக்கொண்டே இருந்தார். "ஒரே தடவையில மடிச்சிடலாமே அண்ணா" என்று கேட்டதற்கு, "பெயின்ட் சூட்டுல இருக்கும்போதுதான் தம்பி தகரத்தோட சேர்ந்து வரும். ஆறிப்போச்சுன்னா வெடிச்சிரும்" என்றார். ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தை ஏற்றி மடித்தார். உள்ளே 14 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு மேல்நோக்கிப் படிந்தது. மரக்கட்டையை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகி வண்டியை நகர்த்தி மடிக்கும் பழக்கமும் உண்டு. அதில் வெளித்தகடு அலை அலையாக நெளிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். பின் பம்பர் வளைவோடு சேரும் மூலையில் இருந்த பிளாஸ்டிக் விளிம்பைச் சிறிது வெட்ட வேண்டியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் ஆனது. மறுநாள் அதே களிமண் சோதனையைச் செய்தேன். உச்சியில் 9 மில்லிமீட்டர் கனம் மிச்சம் இருந்தது.

உரசல் அன்றோடு நின்றது. இன்றுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று மெல்ல வந்தது. முன்பக்க மட்கார்டு ஒற்றைத் தகடு. பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து ஸ்பாட் வெல்டிங்கில் பிணைந்திருக்கின்றன, அந்த இணைப்பின் மேல் நீர் புகாமல் தடுக்கும் சீலர் பூசியிருக்கிறது. விளிம்பை மடிக்கும்போது தகரம் வளைந்துகொடுக்கிறது, காய்ந்து இறுகிய பழைய சீலர் வளைவதில்லை. 2023 நவம்பரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது, வலது பின் வளைவின் உட்புறம் முடி அளவுக்கு ஒரு விரிசலும், அதிலிருந்து தேநீர்க் கறைபோல ஒழுகியிருந்த பழுப்பு நிறமும் கண்ணில் பட்டன. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் பட்டாணி அளவுக்குப் பெயர்ந்து வந்தது. மலைப்பாதையின் செம்மண்ணும் ஈரமும் அந்த இடுக்கில் இரண்டு மழைக்காலம் தங்கியிருக்கின்றன. மடித்த அன்றே அந்த இணைப்பில் புதிய சீலர் பூசச் சொல்லியிருக்க வேண்டும். மேல்பெயின்ட்டில் வெடிப்பு இல்லை என்பதை மட்டும் பார்த்துத் திருப்தியோடு வீடு திரும்பியது என் பிழை.

துரு மேலோட்டமாகவே இருந்ததால் தப்பித்தேன். வெறும் தகரம் தெரியும்வரை தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு இணைப்பு முழுவதும் சீலர் வைத்து விரலால் வழித்து, அதன்மேல் பெயின்ட்டும் கல்லடி தாங்கும் அடிப்பூச்சும் கொடுத்தோம். இடது பக்கத்தில் விரிசல் எதுவும் இல்லாவிட்டாலும் அதற்கும் அப்படியே செய்தோம். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடச் சொன்ன இன்னொரு பட்டறையைத் தவிர்த்துவிட்டேன். உள்ளே துரு இருக்க மேலே பட்டி பூசினால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

மற்றபடி, வண்டி வளைவுகளில் நிதானமாகத் திரும்புகிறது, ஈரத்தில் பிரேக் நம்பிக்கையாக இருக்கிறது. ஸ்டியரிங் நிறுத்துமிடத்தில் சற்றுக் கனக்கிறது, மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் குறைந்திருக்கிறது. செய்ய நினைப்பவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது, அதையும் படித்துக்கொள்ளுங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும் அளவுக்கு யாரும் போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட ஒதுங்கும் பாதையில், டயர் வாரியடிக்கும் கல் பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரர் மேல்தான் விழும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், நான்கு சக்கரங்களையும் கழற்றி டார்ச் அடித்து மடிப்பை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறேன். சென்ற முறை இடது பின்பக்கம் நெல்மணி அளவுக்குச் சீலர் பெயர்ந்திருந்தது, அன்றே பூசிவிட்டேன். மிச்சமிருக்கும் டியூப் டிக்கியில், ஜாக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது.