எந்த ஊசி என்று கேட்டார்கள், எந்த மாஸ்க் என்று கேட்கவில்லை

"ஏனுங்க, கோவிஷீல்டு நல்லதுங்களா, கோவேக்சின் நல்லதுங்களா?"

2021 மே மாதம் திருப்பூரில் என் கடையில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தக் கேள்வி வரும். மெடிக்கல் ஷாப்தான் என்றாலும் இந்த இரண்டு கொரோனா தடுப்பூசியுமே என்னிடம் கிடையாது. முகாமில் விடியற்காலையில் வரிசை கட்டி டோக்கன் வாங்கினவருக்குத்தான் ஊசி, அதுவும் அன்றைக்கு எந்தப் பெட்டி வந்து இறங்கியதோ அது. தெரிந்துகொண்டே கேட்பார்கள். பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கிளம்பும்போது, "அப்படியே மாஸ்க் ஒண்ணு குடுங்க." எந்த மாஸ்க் என்றால், "ஏதோ ஒண்ணுங்க, போலீசு புடிச்சு எரநூறு தீட்டாம இருந்தாப் போதும்."

தேர்ந்தெடுக்க வழியே இல்லாத ஊசிக்கு அத்தனை விசாரணை. கைக்கெட்டும் தூரத்தில் மூன்று தினுசாகத் தொங்கிய மாஸ்க்குக்கு 'ஏதோ ஒண்ணு'. இப்போது நிதானமாக அலசிப் பார்த்தால், அந்த இரண்டு ஊசிகளுக்கு நடுவே இருந்த வித்தியாசத்தைவிட அந்த மூன்று மாஸ்க்குகளுக்கு நடுவே இருந்த வித்தியாசம்தான் பெரிதாகத் தெரிகிறது.

கோவிஷீல்டும் கோவேக்சினும்

கோவிஷீல்டு ஆக்ஸ்ஃபோர்டு, அஸ்ட்ராஜெனிகா கண்டுபிடிப்பு. புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிப்பு. சிம்பன்சிக்குச் சளி பிடிக்க வைக்கும் வைரஸ் ஒன்றை உடம்புக்குள் பெருக முடியாதபடி முடக்கி, கொரோனாவின் முள்புரதத்தைச் செய்யும் குறிப்பை அதில் ஏற்றி அனுப்புகிறார்கள். கோவேக்சின் ஹைதராபாத் பாரத் பயோடெக் நிறுவனம் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து செய்தது. கொரோனா வைரஸையே கொன்று, முழுசாக உள்ளே விடுவது. வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசியும் இந்த ரகம்தான்.

2021 ஜனவரி 3ஆம் தேதி இரண்டுக்கும் ஒன்றாக அனுமதி வந்தது. கோவேக்சினுக்கு அப்போது மூன்றாம் கட்டச் சோதனை முடிவே வந்திருக்கவில்லை. அன்றைக்கு அதைப் போடத் தயங்கினவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது நியாயமான சந்தேகம். ஜூலையில் 25,800 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தபோது நோயைத் தடுக்கும் திறன் 77.8 சதவீதம் என்றார்கள். கோவிஷீல்டுக்கு ஏற்கனவே சுமார் 70 சதவீதம் சொல்லியிருந்தார்கள். உடனே, "பாருங்க, கோவேக்சின்தான் ஒசத்தி" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. இரண்டும் வேறு வேறு நாட்டில், வேறு வேறு மாதத்தில், வேறு உருமாற்றங்கள் சுற்றிக்கொண்டிருந்தபோது எடுத்த கணக்கு. கோயமுத்தூர் பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தன என்று வைத்து எந்த டிரைவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியுமா? டெல்டா அலையின்போது டெல்லி எய்ம்ஸ் ஊழியர்களிடம் பார்த்ததில் அதே கோவேக்சின் அறிகுறியுள்ள தொற்றைச் சுமார் 50 சதவீதம்தான் தடுத்திருந்தது.

வித்தியாசமே கிடையாது என்று சொல்லவில்லை. கோவிஷீல்டு போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் நிறையப் பேருக்கு வந்தது. மறுநாள் காலையில் என் கடை வாசலில் டோலோ காய்ச்சல் மாத்திரைக்கு நிற்பவர்களை வைத்தே முந்தின நாள் முகாமில் எது போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ரத்தம் உறையும் சிக்கல் கோவிஷீல்டு பக்கம் இருந்தது உண்மை. 2021 மே மாதம் மத்திய அரசின் குழு வெளியிட்ட கணக்குப்படி 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேர். அதைவிட நடைமுறை வித்தியாசம் இடைவெளியில் இருந்தது. கோவேக்சின் இரண்டு டோஸும் நாலு முதல் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். கோவிஷீல்டு இடைவெளியை 28 நாளிலிருந்து 6 முதல் 8 வாரம் என்றும், மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்றும் நீட்டிக்கொண்டே போனார்கள். வளைகுடா வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கோ கோவிஷீல்டைத் தவிர வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் கோவேக்சினை ஏற்றுக்கொண்டது அந்த நவம்பர் 3ஆம் தேதிதான். விமானம் ஏற வேண்டியவருக்கு 'எது நல்லது' என்பது அர்த்தமுள்ள கேள்வி. பக்கத்துத் தெருவில் டெய்லர் கடை வைத்திருப்பவருக்கு அது வெறும் பொழுதுபோக்கு.

ஏப்ரல் நடுவில் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் கோவேக்சின் போட்டுக்கொண்டு, இரண்டே நாளில் மாரடைப்பால் இறந்துபோனார். நாலு பேர் பார்த்துப் போட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அவர் ஊசியே போட வந்தார். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு சொன்னது அக்டோபரில். அதற்குள் எத்தனையோ வீடுகளில் அம்மாவும் அப்பாவும் ஊசி வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

என் தீர்ப்பு: தனியாக உடல் சிக்கல் இல்லாதவருக்கு, முதலில் எது கிடைத்ததோ அது.

துணி, சர்ஜிகல், என்95

மாஸ்க்கில் கதை வேறு. எங்கள் ஊர் பனியன் ஊர். 2020இல் ஆர்டர் நின்று போன கம்பெனிகள் பலவும் மாஸ்க் தைக்க இறங்கின. கலர் கலராக, காதில் உறுத்தாமல், கட்சிக் கொடி, சாமி படம் எல்லாம் அச்சடித்து வரும். நானே ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: பனியன் துணி மாஸ்க்குக்கு ஆகாத துணி. பின்னலாடை இழுத்தால் விரியும். முகத்தில் மாட்டும்போது இழுபட்டுத்தானே நிற்கிறது? ஒன்றை எடுத்து இரண்டு விரலால் விரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கண்ணி கண்ணியாக வெளிச்சம் தெரியும். எச்சில் தெறிப்பதைத் தடுக்கும், அதோடு சரி. நெசவுத் துணியில் இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்தது கொஞ்சம் பரவாயில்லை. 2020 ஜூலையில் ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள். வேறெதுவும் கிடைக்காத நேரத்தில் அது சரியான காரியம். அடுத்த வருஷம் டெல்டா வந்து, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று கணக்கு வந்தபோதும் முகத்தில் அதே மாஸ்க்தான் இருந்தது என்பதுதான் என் குறை.

சர்ஜிகல் மாஸ்க்கின் சூட்சுமம் நடு அடுக்கில் இருக்கிறது. மூன்று அடுக்கில் நடுவே இருப்பது மெல்ட் ப்ளோன் என்னும் பஞ்சு மாதிரியான பாலிப்ரோப்பிலீன். அதற்கு மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். ஓட்டையில் நுழையக்கூடிய துகளையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னூட்டம் போச்சு, அப்புறம் அதுவும் துணிதான். துவைத்துக் கொடியில் காயப்போட்ட நீல மாஸ்க்குகளை ஊரெல்லாம் பார்த்திருப்பீர்கள். வங்கதேசத்தில் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த சோதனையில், சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். அங்கேயும் நூற்றுக்கு 42 பேர்தான் ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். துணி மாஸ்க்கில் அப்படித் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை.

சர்ஜிகலின் கோளாறு பக்கவாட்டில். கன்னத்தில் இரண்டு பக்கமும் வாய் பிளந்து நிற்கும். காதுக் கயிற்றை ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, துருத்துகிற மடிப்பை உள்ளே சொருகினால் முகத்தோடு ஒட்டும். ஒரு சல்லிக் காசு செலவில்லை. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் முடிச்சுப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மறுநாள் அதே ஆள் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு டீ குடிப்பார்.

என்95 எல்லாவற்றையும்விட மேல். பிடிபடக் கடினமான 0.3 மைக்ரான் துகளில்கூட 95 சதவீதத்தைப் பிடிக்கும், முகத்தில் இடைவெளி விடாமல் உட்காரும். நம் ஊர் தயாரிப்பில் ஐ.எஸ். 9473, எஃப்.எஃப்.பி.2 என்று தரக் குறி அச்சிட்டிருந்தால் கிட்டத்தட்ட அதே தரம். கண்ணாடி போட்டவருக்குச் சோதனை சுலபம்: மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறதா? படிந்தால் மூக்குக் கம்பியை இன்னும் அழுத்துங்கள். வால்வு வைத்தது மட்டும் வேண்டாம்; உள்ளே வரும் காற்றை வடிகட்டும், நீங்கள் விடும் காற்றை அப்படியே எதிராளி முகத்தில் ஊதும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே வேண்டாம் என்று சொன்னதுதான்.

'கட்டுப்படியாகாதுங்க' என்பார்கள். 2021 ஜூனில் தமிழக அரசு என்95க்கு வைத்த உச்ச விலை 22 ரூபாய். அதே மாதம் தனியார் மருத்துவமனைக்கு மத்திய அரசு வைத்த உச்ச விலை கோவிஷீல்டுக்கு 780, கோவேக்சினுக்கு 1,410. என் வாடிக்கையாளர் ஒருவர், 'நம்ம நாட்டுச் சரக்கு' என்று தேடிப் போய் 1,410 கொடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் பத்து ரூபாய் பனியன் மாஸ்க், அதில் அலங்காரத்துக்கு ஒரு வால்வு. இரண்டு ஊசிக்கும் உள்ள விலை வித்தியாசம் 630 ரூபாய். அதில் 28 என்95 வரும். ஐந்து வாங்கி, நாளுக்கு ஒன்றாக மாட்டி, மற்றதைக் காகிதப் பையில் ஆறப்போட்டால் பல வாரம் ஓடும்.

ஊசியா, மாஸ்க்கா

இரண்டில் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் ஊசி என்பேன். ஐ.சி.யூ.வுக்குப் போகாமல் காப்பாற்றியது அதுதான். மாஸ்க் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் அந்த மே மாதம் ஊசி நம் கையில் இல்லை. செங்கல்பட்டில் தடுப்பூசிக்கென்றே கட்டிய அரசு வளாகம் ஓடாமல் கிடந்தது. செப்டம்பர் 12இல் ஊர் ஊராக மெகா முகாம் போடும் வரைக்கும் நாலு மாதம். அந்த நாலு மாதத்துக்குக் கடையில் தொங்கியது மாஸ்க்தான். ஊசி போட்ட பிறகும் தொற்று வரத்தான் செய்தது, ஒமைக்ரானில் வீடு வீடாக வந்தது. 2022 ஜனவரியில் மாஸ்க் போடாததற்கான அபராதத்தை 500 ரூபாயாக ஏற்றினார்கள். முகத்தில் எது இருக்கிறது என்று அப்போதும் யாரும் பார்க்கவில்லை, ஏதாவது இருந்தால் சரி.

அந்தப் பனியன் மாஸ்க் ஒரு பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது, தாமரைப்பூ அச்சடித்தது. ஊரில் மெஷின் துடைக்கப் பனியன் வேஸ்ட்தான் வாங்குவார்கள். போன வாரம் காதுக் கயிற்றை வெட்டிவிட்டு ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கறையே இல்லாமல் பளிச்சென்று ஆகிவிட்டது.