தொகுதியா, பட்டியலா, கலப்பா: இலங்கைத் தேர்தல் முறையில் எது எங்கே இடிக்கிறது?

முதலில் தொகுதி முறை: ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு வாங்கியவரே வெல்வார். அப்படி நடந்த 1970 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வாங்கியது சுமார் 38% வாக்கு. கிடைத்தது 151-இல் 17 ஆசனம். அதைவிடச் சற்றுக் குறைவாக வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 91 (கூட்டணிக்காக அது எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை என்பது வேறு). 1977-இல் காற்று மாறியது: அதே சுதந்திரக் கட்சிக்கு 30% அளவு வாக்குக்கு வெறும் 8. வாக்கு ஓரிடத்தில் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 6 சொச்சம் வீதத்துக்கு 18 எடுத்து எதிர்க்கட்சியானது. தொகுதி முறையை மீண்டும் கேட்பவர்கள் இந்த இரண்டு தேர்தலையும் மறந்துவிடுகிறார்கள்.

1989 முதல் மாவட்ட விகிதாசாரம்: மாவட்டத்தில் கட்சி வாங்கும் வாக்குக்கு ஏற்ப அதன் பட்டியலுக்கு ஆசனம். 225-இல் 196 மாவட்டங்களுக்கு, 29 நாடு முழுக்க வாங்கிய வாக்கின்படி பிரியும் தேசியப் பட்டியலுக்கு. 10 ஆசன மாவட்டமொன்றில் அ 230,000, ஆ 140,000, இ 65,000, ஈ 45,000, உ 20,000 என்று வைப்போம். 5%ஐத் தொடாத உ வெளியே. முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம். எஞ்சிய 480,000-ஐ 9-ஆல் வகுத்தால் 53,333; அ-வுக்கு 4, ஆ-வுக்கு 2, இ-க்கு 1. மிஞ்சிய இரண்டும் பெரிய மீதி வைத்திருக்கும் ஈ, ஆ இருவருக்கும். முடிவு 5-3-1-1.

கணக்கு பரவாயில்லை, இடிப்பது விருப்பு வாக்கு. கட்சிக்குப் புள்ளடி போட்டபின் அதே கட்சியில் விரும்பிய மூவரைத் தெரிவு செய்யலாம் என்பதால், வேட்பாளருக்குப் போட்டி தன் பட்டியலில் இருப்பவரோடுதான். மாவட்டம் முழுக்கப் போஸ்டர் ஒட்டக் காசு வேண்டும். விகிதாசாரத்தில் எந்தக் கட்சிக்கும் மூன்றில் இரண்டு ஆசனம் எட்டாது என்ற பேச்சும் 2024-இல் பொய்த்தது: எதிரணி சிதறி, 21 மாவட்டப் போனஸும் சேர, தேசிய மக்கள் சக்தி 61.56%க்கு 159 எடுத்தது.

கலப்பு முறையை 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பார்த்தோம்: 60% வட்டாரம், 40% பட்டியல், வாக்கு ஒன்று. 20 பேர் சபையில் 12 வட்டாரம். 40% வாங்கிய கட்சிக்கு உரித்து 8. எதிராளிகள் பிரிந்து நிற்க அது 11 வட்டாரம் வென்றால், கூடுதல் மூன்றும் தொங்கு ஆசனமாகிச் சபை 23 ஆகிவிடும். வட்டாரத்தை 50%ஆகக் குறைத்தால் இதே கட்சி அத்தனையும் வென்றாலும் தொங்குவது இரண்டுதான். இந்த விகிதம்தான் முதலில் திருத்த வேண்டிய திருகு. புதிய முறை வந்ததும் நாடு முழுக்க உள்ளூராட்சி உறுப்பினர் தொகை ஏறக்குறைய 4,500-இலிருந்து 8,000க்கு மேல் போனது. பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை.

மாகாண சபையில் இன்னும் மோசம். 2017-இல் கலப்பு முறைக்குச் சட்டத்தை மாற்றினார்கள். புதிய தொகுதிகளை வரைந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்று தேர்தல் நின்றது. அந்த எல்லை வரைபடம் நிறைவேறும் வரை பழைய விதிகளே செல்லும் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தால் போதும்.

சிதறி வாழும் மலையகத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருவர் தொகுதி ஆபத்து. அங்கே பல அங்கத்தவர் தொகுதி வேண்டும். 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியா மூவர் தொகுதி, மலையகத் தலைவர் சௌ. தொண்டமான் மூன்றாவதாக வந்துதான் உள்ளே போனார்.